காலிப் பெட்டிக்குப் பத்தொன்பது நாள் வெயில்

போன பிப்ரவரியில் எங்கள் வீட்டில் ஒரு காலிப் பெட்டிக்குப் பத்தொன்பது நாள் வெயில் காட்டினோம். மரப்பெட்டி. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று நகரும் இரண்டு கண்ணாடிக் கதவுகள். காலை எட்டு மணிக்கு உள்ளே விளக்கு எரியும், இரவு எட்டுக்கு அணையும். உள்ளே உயிர் என்று எதுவும் கிடையாது. மகள் பள்ளிக்கூடம் கிளம்பும் முன்பும் திரும்பி வந்த பிறகும் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவாள்.

"எப்பம்மா பாம்பு வரும்?"

"நோட்டுல ஒரு வாரம் ஒரே மாதிரி நம்பர் வரட்டும்."

அவளுக்குப் பதிமூன்று வயது. இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில். இங்கே பாம்பு வளர்ப்பது அதிசயம் இல்லை. அவள் வகுப்பிலேயே இரண்டு வீட்டில் இருக்கிறது. அவள் கேட்டது கார்ன் ஸ்நேக். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தது, விஷம் கிடையாது, எலியை உடம்பால் சுற்றி நெரித்துத் தின்னும். வளர்ந்தால் மூன்றடியிலிருந்து ஐந்தடி வரை போகும். நன்றாக வைத்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருடம் இருக்கும். அதாவது என் மகள் படித்து முடித்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் வீடு பார்த்த பிறகும் அது இருக்கும். இதை அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வரப்பில் சாரைப்பாம்பு குறுக்கே போவது சின்ன வயதில் வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிற காட்சி. தாத்தா சாரையை யாரையும் அடிக்க விடமாட்டார். நெல்லைத் தின்கிற எலியை அதுதான் தின்கிறது என்பார். கார்ன் ஸ்நேக்கும் சாரையும் ஒரே பெரிய குடும்பம் என்று படித்தபோது எனக்கு அதன்மேல் இருந்த அந்நியம் பாதி போய்விட்டது. அதுவும் அங்கே மக்காச்சோளக் களஞ்சியங்களில் எலி பிடித்துத் திரிகிற பாம்புதானாம்.

நம் ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வயலில் பார்த்த சாரையையோ தண்ணிப்பாம்பையோ பிடித்து வீட்டில் வைப்பது குற்றம். 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். சட்டத்தை விடுங்கள், வயலில் பிறந்து வளர்ந்த பாம்பு பெட்டிக்குள் தவித்துப்போகும். இங்கே விற்பது பெட்டியிலேயே பல தலைமுறையாகப் பிறந்தவை. கார்ன் ஸ்நேக்குக்கு இங்கே லைசென்ஸ் வேண்டாம். ஆனால் 2006ஆம் வருடத்து விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. பதினாறு வயதுக்குள் இருப்பவருக்கு எந்தப் பிராணியையும் விற்கக் கூடாது. பிள்ளையின் பிராணிக்குப் பெற்றவர்தான் பொறுப்பு. அதற்கு ஏற்ற இடம் அமைத்துத் தருவதும் அந்தப் பொறுப்பில் சேர்த்தி. ஆக, ஆசை மகளுடையது, பாம்பு என்னுடையது. அதனால்தான் உட்கார்ந்து படித்தேன்.

படித்ததில் முதலில் மனதில் நின்றது இதுதான்: பாம்புக்குச் சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது. தின்றது செரிக்க வேண்டுமென்றால் சூடான இடத்துக்குப் போகும். போதும் என்று தோன்றினால் குளிர்ந்த இடத்துக்கு நகரும். சூடு பத்தாவிட்டால் வயிற்றில் இருக்கும் எலி செரிக்காமல் அப்படியே வெளியே வந்துவிடும். அதனால் பெட்டிக்கு "சரியான வெப்பநிலை" என்று ஒரே எண் கிடையாது. ஒரு கோடியில் படுத்துக் காய்வதற்கு 30 முதல் 32 டிகிரி வரைக்கும் ஒரு இடம். மறு கோடியில் 22, 23. நடுவில் படிப்படியாக. எங்கே இருக்க வேண்டும் என்று அது தேர்ந்தெடுத்துக்கொள்ளும். நாம் செய்து தர வேண்டியது அந்த இரண்டு கோடியையும்தான். சின்னப் பெட்டியில் இது நடக்காது, எல்லா மூலையும் ஒரே சூடாகிவிடும். பாம்பு உடம்பை முழுக்க நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். நாலடிப் பெட்டி வாங்கியதற்கு இதுதான் காரணம்.

"குட்டிப் பாம்பைப் பெரிய பெட்டியில் விட்டால் பயந்து சாப்பிடாது" என்று பலரும் சொன்னார்கள். பயப்படுவது வெட்டவெளிக்குத்தான் என்பது என் அபிப்பிராயம். ஒளிய இடம் நிறைய இருந்தால் பெரிய பெட்டியில் ஒரு பயமும் இல்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

சரி, சூட்டுக்கு வருகிறேன். இதில்தான் நாங்கள் தப்புச் செய்தோம்.

கடையில் சொன்னபடி முதலில் ஒரு ஹீட் மேட் வாங்கினேன். தட்டையான பாய் மாதிரி இருக்கும், கரண்ட்டில் சூடாகும். அதைப் பெட்டியின் தரையில் ஒரு ஓரமாகப் போட்டு, மேலே ஆஸ்பென் மரச்சீவலைப் பரப்பினோம். கூடவே ஒரு தெர்மோஸ்டாட். அதன் சென்சார் வயரைப் பெட்டியின் நடுவில், காற்றில் தொங்கவிட்டு, 28 என்று வைத்தேன். பெட்டிக்குள் 28 வந்தால் மேட் அணைந்துவிடும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மகள் சீவலுக்குள் கையை விட்டுவிட்டு "அம்மா, சுடுது" என்றாள். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வைத்திருந்தோம், துப்பாக்கி மாதிரி நீட்டி அழுத்தினால் அந்த இடத்தின் சூட்டைக் காட்டும். சீவலை விலக்கி மேட்டின் மேல் நீட்டினேன். 44.

நடந்தது என்னவென்றால், மேட் காற்றைச் சூடாக்குவதில்லை. தன்னைத் தொடுவதைத்தான் சூடாக்கும். சென்சார் தொங்கிய இடத்தில் காற்று 21 டிகிரியைத் தாண்டவே இல்லை. 28 வரட்டும் என்று தெர்மோஸ்டாட் ராத்திரி பகலாக மேட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. மேலே கனமான சீவல், கம்பளி மாதிரி மூடிக்கொண்டு சூட்டை வெளியே விடவில்லை. கார்ன் ஸ்நேக் மண்ணுக்குள் நுழைந்து படுக்கிற ஜாதி. நேராகப் போய் அதன்மேல்தான் படுத்திருக்கும். அடிவயிறு வெந்து காயம் ஆகிற வரை நகராமல் கிடக்கிற பாம்புகள் உண்டு என்று கால்நடை மருத்துவர்கள் எழுதியிருப்பதை அன்று இரவு படித்தேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. பெட்டி காலியாக இருந்ததே என்று பல தடவை நினைத்துக்கொண்டேன்.

அதனால் நான் யாரிடமும் முதலில் சொல்வது: பெட்டியை ஓட்டிப் பார்க்காமல் பாம்பை வாங்காதீர்கள். கடையில் பெட்டியும் பாம்பும் ஒரே நாளில் சேர்த்துக் கொடுப்பார்கள், விலையிலும் கொஞ்சம் குறைப்பார்கள். வேண்டாம். உங்கள் வீட்டில், உங்கள் குளிரில், உங்கள் தெர்மோஸ்டாட்டில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பது ஓட்டினால்தான் தெரியும்.

மேட்டை எடுத்துவிட்டோம். சூடு மேலேயிருந்து வரட்டும் என்று முடிவு செய்தேன், சூரியன் மாதிரி. ஊரில் சாயங்காலம் இருட்டிய பிறகு தார் ரோட்டில் பாம்பு படுத்துக் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். பகல் முழுக்க வெயில் குடித்த ரோடு இரவில் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதைப் பெட்டிக்குள் செய்தோம். கூரையில் பீங்கான் ஹோல்டரில் 75 வாட் ஹாலஜன் பல்பு. அதன் கீழே ஒரு அகலமான சிலேட்டுக் கல். நாம் ஒன்றாம் வகுப்பில் குச்சியால் எழுதிய சிலேட்டின் கல்லேதான், தடியானது.

கல்லை வைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மரச்சீவலின் மேல் வைக்கக் கூடாது. பாம்பு அடியில் குடைந்துகொண்டு போனால் கல் அதன்மேல் இறங்கிவிடும். பெட்டியின் தரையிலேயே இரண்டு செங்கலை வைத்து, அதன்மேல் கல்லை அசையாமல் உட்கார வைத்து, பிறகுதான் சுற்றிலும் சீவலைக் கொட்டினோம். இதில் ஒரு லாபமும் வந்தது. கல்லுக்கு அடியில் ஒரு இருட்டுக் குகை. சூடான பக்கத்தில் ஒளிய இடம் தனியாகத் தேட வேண்டிய வேலை இல்லாமல் போனது.

பல்புக்குக் கம்பிக்கூண்டு கட்டாயம். இந்தப் பாம்பு நன்றாக ஏறும், பல்பையே சுற்றிக்கொண்டு வெந்துபோகும். ஹாலஜனுக்கு, கரண்ட்டைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கிற டிம்மிங் தெர்மோஸ்டாட் வேண்டும். ஒரேயடியாக அணைத்துப் போடுகிற வகையை வைத்தால் நாள் முழுக்க விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். சென்சாரை இந்தத் தடவை கல்லின் ஓரத்தில், கல்லைத் தொட்டபடி வைத்தேன். தெர்மோஸ்டாட்டில் 30 என்று வைத்தால் கல்லின் நடுவில் 32 காட்டியது. அந்த இரண்டு டிகிரி வித்தியாசம் எங்கள் பெட்டிக்கு உரியது. உங்கள் பெட்டியில் வேறாக இருக்கும்.

சென்சார் வயரைப் பெட்டிக்குள் எதை வைத்து ஒட்டுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். டேப் போடவே போடாதீர்கள். ஓரம் கொஞ்சம் பிரிந்தாலும் பாம்பு உரசிக்கொண்டு போகும்போது ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் செதிலோடு வரும். நாங்கள் சுவரில் வயர் அடிக்கிற சின்னப் பிளாஸ்டிக் கிளிப்பை ஆணியோடு அடித்தோம். ஒன்பது கிளிப்.

பிப்ரவரியில் இங்கே இரவில் ஹீட்டிங்கை அணைத்தால் அறை 16 டிகிரிக்கு இறங்கிவிடும். அதற்காக வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் ஒன்று, அதற்கும் கூண்டு, அதற்கென்று தனி தெர்மோஸ்டாட், 20க்குக் கீழே போகாமல். புற ஊதாக் கதிர் டியூபும் போட்டோம். அது இல்லாமலே இந்தப் பாம்புகளை வளர்த்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவசியமில்லை என்று சொல்வார்கள். காட்டில் விடிகாலையிலும் அந்தியிலும் கொஞ்சம் வெளிச்சத்தில் திரிகிற பிராணிக்கு நான் எதற்கு அதை மறுக்க வேண்டும் என்று தோன்றியது. நிழலில் வாழ்பவற்றுக்கென்று பலம் குறைந்த டியூப் கிடைக்கிறது. சூடான பாதிக்கு மட்டும் போட்டால் போதும். எரிகிற மாதிரியே இருந்தாலும் கதிர் குறைந்துவிடும் என்பதால் வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாற்றிய தேதியை டியூபின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஓட்டைகள். கார்ன் ஸ்நேக்கின் தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும். வீட்டைவிட்டு ஓடிப்போன பாம்புக் கதைகளில் பல இந்த இனத்தின் கதைதான். பெட்டியின் உள்மூலைகளை எல்லாம் மீன்தொட்டி சிலிக்கானால் அடைத்தார் என்னவர். வாங்கும்போது பூஞ்சை மருந்து கலக்காததா என்று பார்த்து வாங்க வேண்டும். காயும் வரை வினிகர் நாற்றம் அடிக்கும். அது முழுக்கப் போக மூன்று நாள் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். அந்த வேலைக்குப் பிறகு எல்லாம் அடைபட்டுவிட்டது என்றுதான் நினைத்தோம்.

மகள்தான் ஒரு யோசனை சொன்னாள். இரவு பத்து மணிக்கு அறையின் விளக்கை அணைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, பெட்டிக்குள் ஒரு டார்ச்சைப் போட்டுக் கதவைச் சாத்தினோம். மூன்று பேரும் இருட்டில் பெட்டியைச் சுற்றி வந்தோம். மூன்று இடத்தில் வெளிச்சம் கசிந்தது. பின்பக்கம் வயர் போகிற துளையில் என் சுண்டுவிரல் நுழைகிற அளவு இடம். மேல் காற்றுத் துவாரத்தின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது நாங்கள் நினைத்தே பார்க்காதது: இரண்டு கண்ணாடிக் கதவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில், மேலிருந்து கீழ் வரை நெடுக ஒரு மெல்லிய கோடு வெளிச்சம். அரை செண்டிமீட்டர் இருக்கும். குட்டிப் பாம்புக்கு அது வாசல். அந்த இடுக்குக்கென்றே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டை கிடைக்கிறது, ஒட்டிவிட்டோம். கதவுக்கு ஆப்புப் பூட்டும் போட்டோம், கண்ணாடியை மூக்கால் தள்ளித் திறக்க முடியாதபடி.

ஒளிகிற இடங்களைச் செய்ததுதான் எனக்குப் பிடித்த வேலை. கடையில் பிசினில் செய்த குகை, மண்டையோடு எல்லாம் விற்கிறார்கள். பாம்புக்கு அழகு வேண்டாம், நெருக்கம் வேண்டும். சுருண்டு படுத்தால் உடம்பு நாலு பக்கமும் சுவரைத் தொட வேண்டும். அப்போதுதான் அதற்குத் தைரியம். பெல்கிரேவ் ரோட்டில் வாங்கிய தேங்காயை உடைத்துத் துவையலுக்கு எடுத்துக்கொண்டு, சிரட்டையைச் சுரண்டிக் கொதிக்கிற நீரில் போட்டெடுத்தேன். மகள் அதன் விளிம்பில் அரைவட்டமாக ஒரு வாசல் அறுத்து, அரத்தால் ராவி, கடைசியில் உப்புத்தாளால் தேய்த்தாள். தன் உள்ளங்கையை அந்த வாசலுக்குள் விட்டு விட்டு எடுப்பாள், எங்காவது கீறுகிறதா என்று. கீறவில்லை என்று சொல்ல இரண்டு நாள் ஆனது. இப்படி இரண்டு சிரட்டை, குளிர்ந்த பக்கத்துக்கு ஒன்று, நடுவில் ஒன்று. நடுவில் இருப்பதற்குள் ஈரமான பாசி வைத்தோம், சட்டை உரிக்கிற சமயத்தில் ஈரம் தேவைப்படும். வளர்ந்தால் சிரட்டை பத்தாது, அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

தரைக்கு ஆஸ்பென் சீவல், பத்து செண்டிமீட்டர் கனத்துக்கு. குடைந்தால் இடியாமல் சுரங்கம் நிற்கும். பைன், தேவதாரு சீவல் கூடாது, அதன் எண்ணெய் பாம்பின் மூச்சுக்கு ஆகாது. தோட்டத்து ஆப்பிள் மரத்தில் வெட்டிய இரண்டு கிளை, ஒரு கார்க் மரப்பட்டைக் குழாய், குளிர்ந்த பக்கத்தில் கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம், சுருண்டு உட்காருகிற அகலத்தில். பாம்பு 50 பவுண்டு. பெட்டியும் உள்ளே இருப்பதும் சேர்த்து 420 ஆனது.

பதினோராம் நாளிலிருந்து நோட்டில் எண்கள் நின்றன. கல் 32, 31, 32. குளிர்ந்த பக்கம் 23, 22, 23. ஈரப்பதம் 50ஐ ஒட்டி. ஒன்பது நாள் அப்படியே.

ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கு அதுவரை சொல்லவில்லை. பாம்பு வருவதற்கு முந்தின நாள் வீடியோவில் காட்டினேன். "இது என்னட்டி, கோழிக்கூடா?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "பூச்சியையா வீட்டுக்குள்ள வைக்கப் போற? பொட்டப்புள்ள இருக்க வீட்ல?" இருட்டிய பிறகு அம்மா அந்தப் பெயரைச் சொல்லமாட்டாள். ஊரில் அப்போது இரவு ஒன்பது மணி. சாரை மாதிரிதாம்மா, விஷம் கிடையாது, தாத்தா அடிக்க விடமாட்டாரே, அது மாதிரி என்றேன். "தாத்தா அடிக்காண்டாம்னுதான் சொன்னாரு, தூக்கி வச்சுக் கொஞ்சச் சொல்லல" என்று போனை வைத்துவிட்டாள்.

இருபதாம் நாள் மருதாணி வந்தது. மகள் வைத்த பெயர். சிவந்த உள்ளங்கை மாதிரி நிறம், ஒரு வயது, இரண்டடிக்குக் கொஞ்சம் கம்மி, என் சுண்டுவிரல் பருமன். துணிப்பையைப் பெட்டிக்குள் வைத்து முடிச்சை அவிழ்த்துவிட்டுக் கதவைச் சாத்தினோம். தலையை நீட்டியது, நாக்கை மூன்று நாலு தடவை ஆட்டியது, சீவலின் மேல் வழிந்து போய் நேராகக் குளிர்ந்த பக்கத்துச் சிரட்டைக்குள் நுழைந்தது. வாலின் நுனியும் உள்ளே போய் மறைந்தது. அன்று அவ்வளவுதான் பார்த்தோம்.

ஒரு வாரம் தொடக் கூடாது, இரையும் வைக்கக் கூடாது, இடம் பழகட்டும் என்பது விதி. மகள் அதைக் காப்பாற்றினாள். தண்ணீர் மாற்றும்போது மட்டும் கதவைத் திறப்பாள். நான்காம் நாள் இரவு பத்தே முக்காலுக்கு என்னை வந்து எழுப்பினாள். விளக்கு அணைந்து மூன்று மணி நேரம் ஆகப்போகிறது. மருதாணி சிலேட்டுக் கல்லின் மேல், முழு நீளத்துக்கும் நீட்டிப் படுத்திருந்தது. வெப்பமானியைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து நீட்டினால் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒன்றையும் அளக்கவில்லை. சும்மா உட்கார்ந்து பார்த்தோம். அது மூச்சு விடும்போது விலா ஏறி இறங்குவது தெரிந்தது.

எட்டாம் நாள் ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சூடாக்கிய குட்டி எலியை வைத்தோம், தின்றது. ஐந்து வாரம் கழித்துக் கண் இரண்டும் பால் ஊற்றின மாதிரி நீலம் பாரித்தது. ஒரு வாரத்தில் கண் தெளிந்தது, அதற்கு மூன்று நாள் கழித்து, ஈரப்பாசிச் சிரட்டையின் வாசலில் சட்டை கிடந்தது. தலையிலிருந்து வால் வரை ஒரே துண்டு. மகள் அதை வெளிச்சத்தில் பிடித்துக் கண் இருந்த இடத்தில் இரண்டு வட்டச் சில்லும் வந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். கண்ணின் மேல் சில்லு தங்கிவிட்டால் தொந்தரவு. இரண்டும் இருந்தன.

அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுநாள் பகலில் அவளே கூப்பிட்டாள். இட்லிமாவு, அத்தையின் முழங்கால்வலி, கோவில் கொடை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில்,

"அங்க இன்னும் குளிருதாட்டி? அதுக்குச் சூடு பத்துதா?" என்றாள்.

மகள் போனை வாங்கிக்கொண்டு பெட்டிப் பக்கம் ஓடி, வெப்பமானியின் எண்ணுக்கு நேரே பிடித்தாள். "முப்பத்திரண்டு, ஆச்சி. பாத்தீங்களா?"